பிள்ளைகளை வளர்த்தபின் மறுபடியும் வேலைக்கு: காரைக்குடிப் பக்கத்துப் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல், கானாடுகாத்தான் பக்கம் பிள்ளைகளுக்காக வேலையை விட்டுவிட்டு, பல வருஷம் கழித்து மறுபடியும் வேலைக்குப் போக நினைக்கும் பெண்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். நானும் அப்படித் திரும்பி வந்தவள்தான். எல்லாரும் முதலில் கேட்பது வேலை கிடைக்குமா என்று. நான் பார்த்தவரையில் வேலையில் சேர்ந்துவிடலாம், மூன்றாவது மாதத்தைத் தாண்டுவதுதான் பெரும்பாடு. அதனால் வீட்டு ஏற்பாடு பற்றிய பதில் கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

பத்து வருஷம் வீட்டோடு இருந்துவிட்டேன். இனிமேல் யார் எனக்கு வேலை கொடுப்பார்கள்?

நம் ஊர் முதலாளிகளுக்கு உங்கள் பத்து வருஷத்தைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. அவர்கள் பார்ப்பது இரண்டு விஷயம். நேரத்துக்கு வருவீர்களா, ஒரு வருஷமாவது நிலைத்து இருப்பீர்களா? கல்லூரி முடித்த பெண் கல்யாணமானதும் போய்விடுவாள், பையன் கோயம்புத்தூரோ சென்னையோ போய்விடுவான். பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற வயதில், சொந்த ஊரில் வீடு வாசலோடு இருக்கும் பெண் எங்கும் போகமாட்டார் என்பது அவர்களுக்கும் தெரியும். முப்பத்தைந்து, நாற்பது வயது இந்த ஊரில் உங்களுக்குச் சாதகம்தான். தைரியமாகக் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பர்மா, மலேயா, சிலோன் என்று ஆண்கள் கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்யப் போய் வருஷக்கணக்கில் திரும்பாமல் இருந்தபோது, இத்தனை பெரிய வீடுகளையும் நிலத்தையும் வரவு செலவையும் இங்கே இருந்து பார்த்தது பெண்கள்தான். நம் அப்பத்தாக்களுக்குப் பொறுப்பு புதிதல்ல. நமக்கும் அப்படித்தான்.

இந்தப் பக்கம் என்னென்ன வேலை கிடைக்கும்?

தனியார் பள்ளிகள், மருத்துவமனைகளில் வரவேற்பு, பில்லிங், மருந்தகம், ஜவுளிக்கடை, நகைக்கடை, ஆடிட்டர் அலுவலகம், நிதி நிறுவனங்கள், இ-சேவை மையங்கள். புதுவயலில் அரிசி ஆலைகளுக்குக் கணக்கு பார்க்கவும் பில் போடவும் ஆள் எப்போதும் வேண்டியிருக்கிறது. காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் பழைய வீடுகளை விடுதிகளாக மாற்றியிருக்கிறார்கள். அங்கே வரவேற்பு, அறைகளை மேற்பார்வை பார்ப்பது, சமையலறைப் பொறுப்பு என்று வேலை உண்டு. கொஞ்சம் ஆங்கிலமும் நம் சமையலும் தெரிந்த பெண்ணுக்கு அங்கே நல்ல மதிப்பு. மழை ஓய்ந்த குளிர்கால மாதங்களில்தான் வெளிநாட்டார் அதிகம் வருவார்கள், அதற்கு முன்பே போய்க் கேட்டு வைப்பது நல்லது.

இங்கே பாதி வேலை விளம்பரத்துக்கே வராது. 'எங்க மில்லுக்கு ஒரு ஆள் வேணும்' என்று கோயிலிலும் கல்யாண வீட்டிலும்தான் பேச்சு வரும். அதனால் நீங்கள் வேலை தேடுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள். பிள்ளையின் பள்ளி வாசலில் நிற்கும் அம்மாக்களிடம், மருந்துக்கடைக்காரரிடம், பழைய கல்லூரித் தோழிகளிடம் சொல்லுங்கள். 'சும்மா டைம் பாஸுக்கு' என்று மட்டும் சொல்லாதீர்கள், கேட்பவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு சம்பளத்தைக் குறைப்பார்கள். சிவகங்கை மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாம்களுக்கும் போய்ப் பாருங்கள். ஒரே நாளில் நாலைந்து நிறுவனங்களிடம் பேசிப் பழகலாம், கூச்சம் போக அதைவிட நல்ல வழி இல்லை.

போக்குவரத்துச் செலவையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. வெளியூர் போகும் மஃப்சல் பேருந்தில் காசு கொடுத்து டிக்கெட் எடுத்தாக வேண்டும். ஒரே ஊருக்கு இரண்டும் ஓடும்போது நகரப் பேருந்தின் நேரத்தை விசாரித்து வைத்துக்கொண்டால் மாதம் ஒரு தொகை மிஞ்சும்.

நான் பி.காம். 2014-ல் அக்கவுண்ட்ஸ் வேலையை விட்டேன். இப்போது எதைப் புதிதாகப் படிக்க வேண்டும்?

இது என் தொழில் என்பதால் விவரமாகவே சொல்கிறேன். நீங்கள் விட்டபோது பழைய விற்பனை வரி முறையில் வாட், டின் நம்பர், சி-ஃபாரம் என்று இருந்தது. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்து அதெல்லாம் பெரும்பாலும் போய்விட்டது. நீங்கள் பழகிய கணக்கு மென்பொருள் டாலி ஈ.ஆர்.பி. 9-க்குப் பதிலாக 2020 கடைசியில் டாலி பிரைம் வந்தது. திரை வேறு மாதிரி இருக்கும், ஒரு வாரத்தில் கை பழகிவிடும். பற்று வரவு, பேரேடு, ஐந்தொகை எல்லாம் அப்படியே இருக்கின்றன. அடிப்படை தெரிந்தவருக்கு மேலே இருப்பது மாறினால் பயப்பட ஒன்றும் இல்லை.

வேலைக்கு எடுக்கும்போது எங்கள் அலுவலகங்களில் ஒரு கட்டு பில்லைக் கொடுத்து 'என்ட்ரி போடுங்க' என்பார்கள். அதில் உங்களை எங்கே சோதிப்பார்கள் என்று காட்டுகிறேன். ஒரு டைல்ஸ் கடையின் கொள்முதல் பில் என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்றவரின் ஜி.எஸ்.டி. எண்ணில் 15 இடங்கள் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் காட்டும். 33 என்றால் தமிழ்நாடு, அப்போது வரி சி.ஜி.எஸ்.டி. (மத்திய அரசுக்கு), எஸ்.ஜி.எஸ்.டி. (மாநில அரசுக்கு) என்று இரண்டு பாதியாக வரும். பில் குஜராத் மோர்பியிலிருந்து வந்திருந்தால் எண் 24-ல் தொடங்கும், வரி மொத்தமும் ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான வரி) என்று ஒரே தொகையாக இருக்கும். இதைப் பார்க்காமல் இரண்டு பாதியாகப் பிரித்துப் போட்டுவிட்டால் ரிட்டர்ன் தாக்கலில் இடிக்கும். அடுத்து, அந்த பில் கடைக்காரரின் 2பி பட்டியலில், அதாவது விற்றவர்கள் காட்டிய பில்களை வைத்து ஜி.எஸ்.டி. தளம் தரும் பட்டியலில், வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விற்றவர் தன் ரிட்டர்னில் காட்டவில்லை என்றால் இவருக்கு வரிச் சலுகை வராது. பில் போட்ட தேதி, பெயர், எண், வரி வகை, 2பி. இந்த ஐந்தையும் விரல் வைத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் நாங்கள் உங்களை விடமாட்டோம்.

மாதத்தின் தாளமும் தெரிந்திருக்க வேண்டும். மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு விற்பனை விவரம் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்.-1 அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள், வரி கட்டும் 3பி 20-ஆம் தேதிக்குள். அந்த நாட்களில் லீவு கேட்காதீர்கள். சரக்கு போகும்போது வண்டியோடு போகும் இணையச் சீட்டு ஈ-வே பில். வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல், தமிழ்நாட்டுக்குள் 1 லட்சத்துக்கு மேல். 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு, பில்லை அரசுத் தளத்தில் பதியும் ஈ-இன்வாய்ஸ். 2025 செப்டம்பர் 22 முதல் வரி விகிதங்கள் பெரும்பாலும் 5, 18 என்று மாறிவிட்டன, ஆகவே பழைய வகுப்புக் குறிப்புகளை வைத்துப் படிக்காதீர்கள்.

இரண்டு மாத டாலி வகுப்பு போகலாம், தவறில்லை. அதைவிட, தெரிந்த ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு மாதம் குறைந்த சம்பளத்துக்கு உட்கார்ந்து நிஜமான பில்களைப் போடுவது மேல் என்பது என் கருத்து. அந்த ஒரு மாதம்தான். அதற்குமேல் 'இன்னும் பழகுறாங்க' என்று சொல்லி யாரும் உங்களைக் குறைந்த சம்பளத்தில் வைத்திருக்க விடாதீர்கள்.

பி.எட். முடித்திருக்கிறேன். டீச்சர் வேலைக்கு இன்னும் தகுதி இருக்கிறதா?

பட்டத்துக்குக் காலாவதி இல்லை. ஆனால் எந்த வகுப்புக்கு என்பதில் கவனம் வேண்டும். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை பாடம் நடத்த பி.எட். தகுதியாகாது, தொடக்கக் கல்விப் பட்டயம்தான் வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆறாம் வகுப்பிலிருந்துதான் பி.எட். செல்லும். ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டாம் தாள் உங்களுக்கானது. முன்பே தேறியிருந்தால் அந்தச் சான்றிதழ் ஏழு வருஷத்தில் காலாவதியாகும் என்ற கவலை வேண்டாம். 2021-ல் அதை ஆயுள் முழுக்கச் செல்லும்படி மாற்றினார்கள், 2011 முதல் தேறியவர்களுக்கும் அது பொருந்தும்.

தனியார் பள்ளியில் சம்பளம் குறைவுதான். பிள்ளை அதே பள்ளியில் படித்தால் கட்டணச் சலுகை கேளுங்கள். அதையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் சில குடும்பங்களுக்கு நன்றாகவே கட்டுப்படியாகும். பிள்ளைக்கு லீவு விடும்போது நமக்கும் லீவு என்பது பெரிய வசதி.

அரசுத் தேர்வு எழுத வயது கடந்துவிட்டதா?

பதவிக்குப் பதவி, பிரிவுக்குப் பிரிவு வயது வரம்பு மாறும். ஆதரவற்ற விதவைகளுக்குத் தனிச் சலுகை உண்டு. யாரோ சொன்னதை நம்பாமல் அந்தந்த அறிவிக்கையைப் படித்துப் பாருங்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-ல் 200 கேள்விகளில் 100 தமிழ்தான், அதில் 40 சதவீதம் எடுத்தால்தான் மற்ற விடைகளையே திருத்துவார்கள். தமிழ் வழியில் படித்த நம் பெண்களுக்கு அது பலம். தட்டச்சு லோயரோ ஹையரோ முடித்தவர்கள் சான்றிதழைத் தேடி எடுங்கள், தட்டச்சர் பதவிக்கு அது வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

தேர்வுக்குப் படிக்கிறேன் என்று வேறு வேலையே பார்க்காமல் வருஷங்களைக் கழிப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அரை நாள் வேலை பார்த்துக்கொண்டே படியுங்கள்.

சான்றிதழில் அப்பா இனிஷியல். ஆதாரில் வீட்டுக்காரர் பெயர். இது பிரச்சினையாகுமா?

ஆகும். வேலை கிடைத்தபின் பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான்.

அப்பா பெயர் சிதம்பரம், வீட்டுக்காரர் பெயர் அண்ணாமலை என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'சி. வள்ளியம்மை' என்று இருக்கும். பான் கார்டு எடுத்தபோது இனிஷியலை விரித்து 'சிதம்பரம் வள்ளியம்மை' ஆக்கியிருப்பார்கள். ஆதாரில் 'வள்ளியம்மை அண்ணாமலை'. வங்கியில் 'அ. வள்ளியம்மை'. ஆள் ஒருவர்தான், ஆனால் கணினிக்கு நாலு பேர். பி.எஃப். பதிவில் ஆதாரில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பான் பொருந்தவில்லை என்றால் அதுவும் சிக்கும்.

கல்யாணம் ஆனதால் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழை மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் கடினம், ஆகவே அதை அடிப்படையாக வைத்துக்கொண்டு ஆதார், பான், வங்கி மூன்றையும் அதற்கு ஏற்ப மாற்றுவதுதான் சுலபம். பிறந்த தேதியும் அதே மாதிரி சரியாக இருக்க வேண்டும். கணவர் பெயரையே வைத்துக்கொள்ள விரும்பினால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டு, அதன் பிரதிகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த வழியானாலும் எல்லா இடத்திலும் ஒரே பெயர், ஒரே வரிசை, ஒரே எழுத்து. ஆதாரில் உங்கள் கைபேசி எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டுக்காரரின் சிங்கப்பூர் எண்ணோ, தூக்கிப்போட்ட பழைய சிம்மோ இருந்தால் ஓ.டி.பி. வராமல் ஒவ்வொரு வேலையும் நிற்கும். பான் ஆதாரோடு இணைக்கப்படாமல் செயலிழந்திருந்தால் 1,000 ரூபாய் கட்டி இணைக்க வேண்டும். இதையெல்லாம் வேலை தேடத் தொடங்கும் வாரத்திலேயே செய்துவிடுங்கள்.

முந்தைய வேலையில் பிடித்த பி.எஃப். பணம் போய்விட்டதா?

போகவில்லை. ஓய்வு வயதுக்குள் இருப்பவர்களின் கணக்கில் வட்டி சேர்ந்துகொண்டே இருக்கும். 2014-க்குப் பின் வேலை பார்த்திருந்தால் உங்களுக்கு யு.ஏ.என். என்ற 12 இலக்க எண் இருக்கும். புதிய இடத்தில் சேரும்போது அதே எண்ணைக் கொடுங்கள், புதிதாக ஒன்று எடுக்காதீர்கள். அதற்கு முன்பே விட்டவர்கள் பழைய சம்பளச் சீட்டில் பி.எஃப். எண்ணைத் தேடுங்கள். பழைய கணக்கைப் புதியதோடு சேர்த்துவிட்டால் ஓய்வூதியத்துக்கான 10 வருஷச் சேவையில் பழைய வருஷங்களும் கூடும். அதனால் அவசரமாக எடுத்துச் செலவழிக்காதீர்கள்.

ரெஸ்யூமில் இந்த இடைவெளியை எப்படிக் காட்டுவது? நேர்முகத்தில் கேட்டால் என்ன சொல்வது?

மறைக்க வேண்டாம். '2015 முதல் 2024 வரை: குழந்தை வளர்ப்புக்காக வேலையிலிருந்து விலகியிருந்தேன்' என்று ஒரே வரி போதும். அதன் கீழ், அந்தக் காலத்தில் உண்மையிலேயே செய்தது இருந்தால் எழுதுங்கள். டியூஷன் எடுத்தது, சுய உதவிக்குழுவுக்குக் கணக்கு எழுதியது, கோயில் திருப்பணி வசூலுக்கு நோட்டு வைத்தது, தையல் ஆர்டர் எடுத்தது எல்லாம் எழுதலாம். 'குடும்ப மேலாண்மை' என்று பெரிய வார்த்தை போட வேண்டாம். குழுவின் கடன் பதிவேட்டை நாலு வருஷம் எழுதினேன் என்பதில் இருக்கும் கனம் அதில் இல்லை.

நேரில் கேட்டால் இரண்டு வாக்கியத்தில் முடியுங்கள். 'பிள்ளைகள் சின்னவர்களாக இருந்ததால் விட்டேன் சார். இப்போது பெரியவன் எட்டாவது, சின்னவள் மூன்றாவது, வீட்டில் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்துவிட்டேன், காலை ஒன்பதரைக்கு வந்துவிடுவேன்.' அதோடு நிறுத்திவிட்டு வேலையைப் பற்றிப் பேசுங்கள். அழுகை வருகிற மாதிரி விளக்கம் தேவையில்லை, மன்னிப்பும் தேவையில்லை. பிள்ளை வளர்த்ததற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

சம்பளம் எவ்வளவு கேட்கலாம்?

அதே வேலையை அதே தெருவில் செய்பவர் என்ன வாங்குகிறார் என்று இரண்டு பேரிடம் விசாரித்துவிட்டுப் போங்கள். 'நீங்க பார்த்துப் போடுங்க சார்' என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள். அது மரியாதை இல்லை, நஷ்டம். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமானால் பி.எஃப். உண்டா, 10 பேரோ அதற்கு மேலோ என்றால் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டா என்று கேளுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்வரை ஈ.எஸ்.ஐ. வரும், உங்களிடம் பிடிப்பது 0.75 சதவீதம்தான். குடும்பத்துக்கே மருத்துவம் கிடைக்கும் என்பதால் ஐந்நூறு ரூபாய் கூடுதல் சம்பளத்தைவிட அது பெரிது.

சம்பளம் உங்கள் பெயரில், உங்கள் கைபேசி எண் உள்ள கணக்குக்கு வர வேண்டும். ஏ.டி.எம். கார்டு உங்கள் கைப்பையில் இருக்கட்டும். வீட்டுச் செலவுக்கு எவ்வளவு கொடுப்பது என்று பேசி முடிவு செய்துகொள்ளலாம். ஆனால் வந்த பணம் எங்கே போனது என்றே தெரியாமல் வேலை பார்க்கும் பெண் சீக்கிரம் சலித்துப்போவாள்.

மாமியார், பிள்ளைகள், வீட்டு விசேஷங்கள். இதையெல்லாம் வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பது?

முதல் மாதம் எல்லாரும் ஒத்துழைப்பார்கள். புதுசு அல்லவா! இரண்டாவது மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். மூன்றாவது மாதம் பங்காளி வீட்டில் கல்யாணமோ, முன்னோருக்குப் படைக்கும் படைப்போ வரும், மூன்று நாள் நிற்க வேண்டியிருக்கும். அப்போது 'வேலைக்குப் போறேன்னு வீடு போட்டது போட்டபடி கிடக்குது' என்று யாராவது சொல்வார்கள். அந்தச் சொல்லைத் தாங்க முடியாமல் விட்டவர்கள்தான் அதிகம். வேலை கடினம் என்று விட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆகவே சேர்வதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். 'நான் வேலைக்குப் போகலாமா' என்று கேட்டால் பதில் தள்ளிப்போகும். 'நான் வேலைக்குப் போகப்போகிறேன், நாலு மணிக்குப் பிள்ளையை யார் கூட்டி வருவது' என்று கேளுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதல் நாள் யார் லீவு, இரண்டாம் நாள் யார்? வீட்டுக்காரர் உள்ளூரில் இருந்தால் பாதி அவருடையது. வெளியூரில் இருந்தால் உங்கள் அம்மாவா, மாமியாரா, பக்கத்து வீட்டாரா என்று பெயரோடு முடிவு செய்யுங்கள். பேசியதை ஒரு தாளில் எழுதி அடுப்படியில் ஒட்டுங்கள். கேட்கச் சின்ன விஷயம், ஆனால் பிற்பாடு 'நீ சொல்லவே இல்லையே' என்ற பேச்சு வராது.

சமையலில் குறைக்க முடிந்ததைக் குறைத்தே ஆக வேண்டும். தினம் மசாலா அரைத்து, குழம்பு, கூட்டு, பொரியல், பச்சடி என்று வைத்துவிட்டு ஒன்பதரைக்கு அலுவலகம் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை மிளகாய், மல்லி, சோம்பு வறுத்துப் பொடித்து வையுங்கள். இரண்டு நாளைக்கு மாவு அரைத்து வையுங்கள். காலையில் ஒரு குழம்பு, ஒரு பொரியல். பிள்ளைகள் அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ ஐந்தாம் வகுப்புவரை படித்தால் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இருக்கிறது. 'எம்புள்ள அங்க சாப்பிடணுமா' என்று தயங்க ஒன்றும் இல்லை, சூடாகத்தான் போடுகிறார்கள். காலையில் அரை மணி நேரம் உங்களுக்கு மிஞ்சும்.

மாமியாரைப் பற்றி. அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார் என்றால் அதுவும் வேலைதான், அறுபத்தைந்து வயது உடம்பு அதற்கும் வலிக்கும். முதல் சம்பளத்தில் பாத்திரம் தேய்க்க ஆள் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு முழு ஓய்வு கொடுங்கள். 'அத்தை, நீங்க இருக்கிறதாலதான் நான் போய் வர முடியுது' என்று வாய் நிறையச் சொல்லுங்கள். நான் பார்த்தவரையில் மருமகள் வேலையைக் கடைசியில் ஊருக்கெல்லாம் பெருமையாகச் சொல்வது மாமியார்தான்.

விசேஷங்களுக்கு வருவோம். நம் பக்கம் தையிலும் ஆவணியிலும் கல்யாணம் வரிசையாக இருக்கும், ஊரைவிட்டுப் போனவர்களும் விசேஷத்துக்குப் பெரிய வீட்டைத் திறந்து வந்துவிடுவார்கள். பத்திரிகை வந்தவுடன் தேதியைக் குறித்து, அன்றே லீவு சொல்லுங்கள். முதல்நாள் போய் நின்றால் எந்த முதலாளிக்கும் கோபம் வரும். உடன்பிறந்தார் வீடு, சொந்தப் பங்காளி வீடு என்றால் முழு நாள். மற்றதற்குச் சாயங்காலம் போய் மொய் எழுதிவிட்டு வரலாம். இரண்டு வருஷம் இப்படிப் பழகிவிட்டால் 'அவ வேலைக்குப் போறவ, சாயங்காலம் வருவா' என்று அவர்களே சொல்வார்கள்.

வேலைக்குப் போனால் மகளிர் உரிமைத் தொகை நின்றுவிடுமா?

வேலைக்குப் போவதாலேயே நிற்காது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியமான நிபந்தனை. உங்கள் சம்பளத்தையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். குடும்பத்தில் யாராவது அரசு ஊழியர் ஆனால் தகுதி போய்விடும். மாதம் 1,000 ரூபாய் போய்விடுமே என்று பன்னிரண்டாயிரம் சம்பள வேலையை வேண்டாம் என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, மாதம் 30,000 என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

நம்ப வேண்டாம். வேலை கொடுப்பவர் உங்களுக்குப் பணம் தருவார். உங்களிடம் பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், டெபாசிட் என்று கேட்பவர் வேலை கொடுப்பவர் இல்லை. வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று தொடங்கி, முதலில் நூற்றைம்பது ரூபாய் அனுப்பி நம்ப வைத்து, பிறகு ஆயிரக்கணக்கில் கட்டச் சொல்வார்கள். 'உங்கள் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடுங்கள், கமிஷன் தருகிறோம்' என்பது அதைவிட ஆபத்து, போலீஸ் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும். பணம் போய்விட்டால் வீட்டில் திட்டுவார்களே என்று ஒளிக்காமல் அந்த நிமிஷமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு.

பலகாரம் நன்றாகச் செய்வேன். அதையே தொழிலாக்கலாமா?

தாராளமாக. தேன்குழல், சீப்புச்சீடை, மாவுருண்டை, அதிரசம் எல்லாவற்றுக்கும் காரைக்குடிப் பெயருக்கே ஒரு விலை இருக்கிறது. ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையின் அடிப்படைப் பதிவு போதும், வருஷத்துக்கு 100 ரூபாய். 14 இலக்க எண் வரும். பாக்கெட்டில் அந்த எண், பொருட்கள், எடை, செய்த தேதி, எத்தனை நாள் வரை நன்றாக இருக்கும், உங்கள் முகவரி எல்லாம் இருக்க வேண்டும். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், அதற்குக் காசு கேட்பவரிடம் போகாதீர்கள். தொடங்கக் கடன் வேண்டுமானால் மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் சிசு வகை 50,000 ரூபாய் வரை.

விலை வைப்பதில்தான் நம் பெண்கள் ஏமாறுகிறார்கள். அரிசி, உளுந்து, எண்ணெய், கேஸ் எல்லாம் கூட்டுவார்கள். விடிகாலையில் எழுந்து மாவு சலித்துப் பிழிந்து சுட்ட தன் ஐந்து மணி நேரத்தைக் கூட்டமாட்டார்கள். அதே வேலைக்கு ஒரு ஆளை வைத்தால் என்ன கூலி கொடுப்பீர்களோ அதை முதலில் எழுதிவிட்டு மற்றதைக் கூட்டுங்கள். உடைந்துபோகும் சரக்கையும் சேருங்கள். கூரியரில் போகும் கைமுறுக்கு முழுசாகச் சேர வேண்டும் என்றால் கெட்டியான டப்பா வேண்டும், அதற்கும் காசு. இதையெல்லாம் போட்டு வரும் விலையைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் அந்த விலையைக் கொடுத்து வாங்குகிறார்கள்.

நான் எம்.எஸ்சி. வேதியியல். இந்த ஊரில் எனக்கு என்ன இருக்கிறது?

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அங்கே அவ்வப்போது திட்டப் பணிகளுக்கு ஆள் எடுக்கிறார்கள், அறிவிப்பை விடாமல் பாருங்கள். அழகப்பா பல்கலைக்கழகத்திலும் அப்படித்தான். குடும்பத்துக்காக இடையில் நிறுத்திய பெண் விஞ்ஞானிகளுக்கும் உதவும்படி மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை வைஸ்-கிரண் என்று உதவித்தொகைத் திட்டம் வைத்திருக்கிறது. ஐ.டி. பக்கம் இருந்தவர்களுக்கு டாட்டா, இன்ஃபோசிஸ், ஜோஹோ போன்ற நிறுவனங்கள் திரும்பி வரும் பெண்களுக்கான தனி வாய்ப்புகளை நடத்தியிருக்கின்றன. அதற்குப் பெரும்பாலும் வெளியூர் போக வேண்டியிருக்கும்.

ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்க வேண்டுமாமே? பாதுகாப்பு எப்படி?

கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. சேரும்போதே உட்கார இடம், கழிப்பறை, சாப்பிடும் நேரம் மூன்றையும் கண்ணால் பாருங்கள். 10 பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் பாலியல் தொந்தரவுப் புகாரை விசாரிக்க உள் குழு கட்டாயம். அதைவிடச் சின்ன இடமானால் மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் போகலாம். உடனே உதவி வேண்டுமானால் பெண்கள் உதவி எண் 181.

சேர்ந்த இடம் சரிப்படவில்லை என்றால் விட்டுவிடலாமா?

விடலாம். முறையாக விடுங்கள். கோபத்தில் ஒரு நாள் போகாமல் நின்றுவிட்டால் அடுத்த இடத்தில் விசாரிக்கும்போது அதுதான் காதுக்கு வரும், நம் ஊர் சின்ன ஊர். எழுத்தில் கொடுங்கள், சொன்ன நாள்வரை வாருங்கள், கையில் இருந்த வேலையை அடுத்தவரிடம் ஒப்படையுங்கள். பணி விடுவிப்புக் கடிதமும் அனுபவச் சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள். பி.எஃப். இருந்தால், நீங்கள் விலகிய தேதியை நிறுவனம் பதிவு செய்துவிட்டதா என்று பாருங்கள். அது பதிவாகாமல் இருந்தால் அடுத்த இடத்துக்குப் பணத்தை மாற்றும்போது நிற்கும். நிறுவனம் போடாவிட்டால் கடைசித் தொகை செலுத்தி இரண்டு மாதம் கழித்து உங்கள் யு.ஏ.என். கணக்கில் நீங்களே போட்டுக்கொள்ளலாம்.